துளுநாட்டுப் பஞ்சுர்லியின் பித்தளை முகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னிந்திய உலோகப் பொருட்கள் வைத்திருக்கும் அருங்காட்சியகக் கூடங்களில், நடராஜரையும் சோமாஸ்கந்தரையும் தாண்டிப் போனால் சில இடங்களில் ஒரு பித்தளைப் பன்றி முகம் இருக்கும். பிதுங்கிய கண், மேல்நோக்கி வளைந்த கோரைப் பல், திறந்த வாய். தமிழ்ப் பார்வையாளர்களை அழைத்துப் போகும்போதெல்லாம் அதன் முன்னால் ஒரே மாதிரியான கேள்விகள்தான் வருகின்றன. அவற்றை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

இது யாரோட முகம்? எந்த ஊர்?

பஞ்சுர்லி என்ற தெய்வத்தின் முகம். ஊர் துளுநாடு. கர்நாடகத்தின் தட்சிண கன்னடம், உடுப்பி மாவட்டங்களும், கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்து வடபகுதியும் சேர்ந்த கடலோர நிலம். அங்கே பேசும் துளு, தமிழைப் போலவே திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது.

இந்தத் தெய்வங்களை அங்கே பூதம் என்றும் தைவம் என்றும் சொல்வார்கள். பஞ்சுர்லி தவிர ஜுமாதி, குளிகா, பிலிச்சாமுண்டி, கல்லுர்ட்டி, பொப்பர்யா என்று ஏராளமான பேர் உண்டு. இவர்களுக்காக இரவு முழுக்க நடக்கும் வழிபாட்டுக்கு கோலா என்றும் நேமா என்றும் பெயர். அருங்காட்சியகத்தில் இருக்கும் முகம் அந்த இரவுக்காகச் செய்யப்பட்டது.

பூதம்னா பேய்தானே? இது பேயா, சாமியா?

சாமி. கோலா நடக்கும் இடத்தில் ஒரு மணி நேரம் நின்றால் இந்தச் சந்தேகம் போய்விடும். நிலத் தகராறு, அண்ணன் தம்பி பாகப்பிரிவினைச் சண்டை, காணாமல் போன மாடு, தீராத நோய் என்று ஊரார் தங்கள் வழக்கை எல்லாம் அந்தத் தெய்வத்தின் முன்னால்தான் வைக்கிறார்கள். அது சொல்லும் வாக்கை 'நுடி' என்கிறார்கள். இரண்டு தரப்பும் அதற்குக் கட்டுப்படும். பயம் இருக்கிறது, உண்மைதான். நம் ஊர்க் காவல் தெய்வத்திடம் பொய்ச் சத்தியம் செய்ய யாருக்கும் துணிவு வராதே, அந்தப் பயம்தான்.

பேய் என்ற பேச்சை அச்சில் ஏற்றியவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். மங்களூரில் நீதிபதியாக இருந்த பர்னெல் சேகரித்த துளுநாட்டுக் குறிப்புகள், அவர் இறந்த பிறகு 1894 முதல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் பேய் வழிபாடு என்ற தலைப்பிலேயே வெளிவந்தன. தஞ்சாவூர் அரண்மனை நூலகத்துச் சம்ஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவரும் இதே பர்னெல்தான். அந்தக் குறிப்புகளில் உள்ள பாடல்களும் சடங்கு விவரங்களும் இன்றைக்கும் பயன்படுகின்றன. தலைப்பை மட்டும் நாம் சுமக்க வேண்டியதில்லை.

பன்றி முகம் எதுக்கு? வராக அவதாரமா?

இல்லை. பஞ்சுர்லிக்கு தனிக் கதை இருக்கிறது. கைலாயத்தில் பார்வதி ஆசையாக வளர்த்த பன்றிக்குட்டி ஒன்று சிவனுடைய தோட்டத்தைப் பாழாக்கிவிடுகிறது. கோபத்தில் சிவன் அதைக் கொல்லப் போக, பார்வதி தடுக்கிறாள். கடைசியில் பூமிக்குப் போய் மக்களைக் காக்கும்படி அனுப்பிவைக்கிறார்கள். ஊருக்கு ஊர் கதை கொஞ்சம் மாறும், எலும்புக்கூடு இதுதான்.

கதை கைலாயத்தில் நடந்தாலும் அதன் வேர் வயலில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் நெல் போடுகிறவனுக்குக் காட்டுப் பன்றி எப்பேர்ப்பட்ட எதிரி என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே இரவில் மொத்த வயலையும் கிளறிப் போட்டுவிடும். அந்தப் பன்றியையே வயலுக்குக் காவலாக நிறுத்திக் கும்பிட்டிருக்கிறார்கள். புலி (துளுவில் 'பிலி') நடமாடிய நிலத்தில் பிலிச்சாமுண்டி வந்ததும் இப்படித்தான் இருக்க வேண்டும்.

பஞ்சுர்லியும் ஒரே ஒருவர் இல்லை. குப்பெட்டு பஞ்சுர்லி, தர்மஸ்தலத்து அண்ணப்ப பஞ்சுர்லி என்று இடத்துக்கும் கதைக்கும் ஏற்பப் பல பஞ்சுர்லிகள் உண்டு. ஆகவே, அருங்காட்சியகத்தின் விளக்க அட்டையில் வெறுமனே 'பஞ்சுர்லி' என்று எழுதியிருந்தால் பாதி முகவரிதான் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சினிமால முகத்துல வண்ணம்தான் பூசியிருந்தாங்க. முகமூடி எப்போ வரும்?

2022-இல் வந்த 'காந்தாரா' என்ற கன்னடப் படத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி நிறைய வருகிறது. வண்ணமும் உண்டு, முகமும் உண்டு. ஒன்றன் பின் ஒன்றாக வரும்.

கோலா நாளில், தெய்வத்தின் பொருட்களை வைத்திருக்கும் வீட்டிலிருந்து அவற்றை ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். அந்தப் பொருட்கள் மொத்தத்துக்கும் 'பண்டாரா' என்று பெயர். முகம், வாள், மணி, சாமரம், நகைகள் எல்லாம் அதில் அடக்கம். அவற்றை ஊஞ்சலிலோ மேடையிலோ வைத்து விளக்கேற்றுவார்கள். ஆடுபவர் முறைப்படி எண்ணெய் வாங்கிக் குளித்துவிட்டு வந்து, மஞ்சள் நிற அரிதாரத்தை முகத்தில் பூசி, அதன் மேல் கறுப்பிலும் சிவப்பிலும் கோடு இழுத்துக்கொள்வார். அவர் வீட்டுப் பெண் 'தெம்பரே' என்ற சிறு பறையைத் தட்டியபடி அந்தத் தெய்வம் பிறந்து வளர்ந்து ஊருக்கு வந்த கதையைப் பாடுவார். அந்தக் கதைப்பாடலுக்குப் பாட்தனா என்று பெயர். அப்புறம் தென்னங்குருத்தால் ஆன பாவாடை, காலில் 'கக்கரா' என்ற கனத்த சிலம்பு, முதுகில் 'அணி' என்ற பெரிய பிரபை.

முதல் ஆட்டம் பெரும்பாலும் வண்ணம் பூசிய முகத்தோடுதான். இரவு ஏற ஏற, தெய்வம் முழுமையாக இறங்கும் கட்டத்தில் உலோக முகத்தை எடுப்பார்கள். நீங்கள் பெட்டிக்குள் பார்ப்பது அந்த நேரத்துக்குரிய பொருள்.

இவ்வளவு கனமானதைப் போட்டுக்கிட்டு எப்படி ஆடினாங்க?

எல்லாவற்றையும் முகத்தில் மாட்டி ஆடவில்லை. சிலவற்றைக் கட்டிக்கொள்வார்கள். சிலவற்றை ஆடுபவர் இரண்டு கைகளாலும் முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். இன்னும் சில முகங்கள் அணிவதற்கே செய்யப்படாதவை. தானத்தில் (பூதத்தின் கோயிலை அப்படிச் சொல்வார்கள்) வைத்துப் பூசை செய்ய மட்டும்தான்.

எந்த வகை என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். முகத்தை முன்னால் இருந்து பார்த்தது போதும், பக்கவாட்டில் போய் நில்லுங்கள். ஓரத்தில் கயிறு கோக்கத் துளைகள் இருக்கின்றனவா? இருந்தால், அந்தத் துளை வட்டமாக இருக்கிறதா, ஒரு பக்கம் தேய்ந்து நீண்டிருக்கிறதா? நீண்டிருந்தால் பல கோலாக்களில் கயிறு இழுபட்டிருக்கிறது. கண்ணில் பார்வைக்குத் துளை இருக்கிறதா, இல்லை உலோகம் அடைத்திருக்கிறதா? தாடை தனியாகச் செய்து கீலில் மாட்டப்பட்டிருக்கிறதா? அப்படியானால் ஆட்டத்தில் வாய் அசைந்திருக்கும். அருங்காட்சியகம் முகத்தைச் சுவரோடு ஒட்டி வைத்துவிட்டால் இதில் பாதி தெரியாது. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். முன்பக்கம் செய்தவரின் திறமையைக் காட்டுகிறது, பின்பக்கத்தில்தான் அதைப் பிடித்தவர்களின் வாழ்க்கை இருக்கிறது.

யாரு வேணும்னாலும் ஆடலாமா?

ஆட முடியாது. நலிகே, பறவா, பம்பதா போன்ற சில சமூகத்தாரே தலைமுறை தலைமுறையாக ஆடிவருகிறார்கள். எந்தத் தெய்வத்துக்கு யார் ஆட வேண்டும் என்ற உரிமையும் வகுக்கப்பட்டிருக்கிறது. ஆட்டம் மட்டும் தெரிந்தால் போதாது. மணிக்கணக்கில் நீளும் பாட்தனா மனப்பாடமாக இருக்க வேண்டும், எந்தக் குடும்பத்துக்கும் தெய்வத்துக்கும் என்ன உறவு, யாரை எப்படி விளிக்க வேண்டும் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தச் சமூகங்கள் பட்டியல் சாதியினர். தீண்டாமையை அனுபவித்தவர்கள். கோலா இரவில் ஊர்ப் பெரிய வீட்டுத் தலைவர், நிலக்கிழார், எல்லாரும் ஆடுபவர் முன்னால் கை கூப்பி நிற்பார்கள், அவர் பெயர் சொல்லி அழைத்துக் கேள்வி கேட்பார். விடிந்ததும் வேடத்தைக் கலைத்துவிட்டுப் போகிறவரோடு அந்த மரியாதை போனதில்லை. இந்தக் கலையைக் கொண்டாடுகிறவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் கருத்து. 2022-இல் கர்நாடக அரசு 60 வயது தாண்டிய தைவ நர்த்தகர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. ஆட முடியாத வயதில் அவர்களுக்கு வேறு வருமானம் என்ன என்று யோசித்தால் அது பெரிய தொகை இல்லை.

எப்படிச் செஞ்சாங்க? தகட்டை அடிச்சதா, வார்த்ததா?

இரண்டு முறையும் உண்டு. கனமான, நுணுக்கம் நிறைந்த முகங்கள் பெரும்பாலும் மெழுகு முறையில் வார்த்தவை. களிமண்ணால் உள்கரு பிடித்து, அதன் மேல் குங்கிலியம் கலந்த தேன்மெழுகைப் போர்த்தி, அந்த மெழுகில்தான் கண், மூக்கு, பல், நகை எல்லாம் செய்வார்கள். புருவமும் நெற்றிப்பட்டையும் மெழுகைத் திரித்து ஒட்டியவை. உற்றுப் பார்த்தால் அந்தத் திரி ஓடிய தடம் உலோகத்தில் அப்படியே இருக்கும். பிறகு மேலே மண் பூசிக் காயவைத்துச் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறும். அது விட்டுப்போன இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள்.

சுவாமிமலையில் செய்வதும் இதே முறைதான். அங்கே திருமேனியைக் கனமாக, உள்ளே கூடில்லாமல் வார்ப்பார்கள். முகத்துக்கு உள்ளே கருவை வைத்து மெல்லிய ஓடாக வார்க்க வேண்டும். மெழுகு எங்காவது மெலிந்திருந்தால் உலோகம் ஓடாமல் அங்கே ஓட்டை விழும், பிறகு ஒட்டுப்போட வேண்டியிருக்கும். பழைய முகங்களின் உட்புறத்தில் அப்படி ஒட்டுப்போட்ட இடங்களைப் பார்க்கலாம். காதுகளையும் கிரீடத்தையும் தனியாக வார்த்து ஆணியறைந்து சேர்த்திருப்பதும் உண்டு.

பித்தளைன்னு எப்படிச் சொல்றீங்க? ஐம்பொன்னா இருக்கக் கூடாதா?

பித்தளை செம்பும் துத்தநாகமும் கலந்தது, வெண்கலம் செம்பும் தகரமும் கலந்தது. கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால்தான் பல அருங்காட்சியகங்கள் 'செப்புக் கலவை' என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. ஊடுகதிர் கொண்டு மேற்பரப்பைச் சோதிக்கும் கருவி வைத்துப் பார்த்தால், பொருளைச் சுரண்டாமலே எந்த உலோகம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். துத்தநாகம் கணிசமாக இருந்தால் பித்தளை.

பித்தளை உருக்குவது லேசான வேலை இல்லை. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும், கலவை உருகி ஓடுவதற்கும் கிட்டத்தட்ட அதே சூடு வேண்டும். கொஞ்சம் அசந்தால் துத்தநாகம் வெள்ளைப் புகையாகப் போய்விடும், கலவையின் நிறமே மாறும். அதைக் கட்டுக்குள் வைத்து ஊற்றிய கைகளுக்கு அட்டையில் பெயர் இல்லை.

எத்தனை வருஷம் பழசு?

அட்டையில் '18-19ஆம் நூற்றாண்டு' என்று இருந்தால், அது பெரும்பாலும் வடிவத்தை வைத்துச் சொன்னது. உலோகத்துக்குக் கரிமக் காலக்கணிப்பு செல்லாது. வார்த்தபோது உள்ளே ஒட்டிக்கொண்ட சுட்ட மண் மிச்சமிருந்தால் அதைச் சோதித்துக் காலத்தை ஓரளவு நெருங்கலாம். இவற்றில் கல்வெட்டுப் போல எழுத்து பொறித்திருப்பது அபூர்வம். வழிபாட்டில் தேய்ந்ததால் இளைய முகம் முதிர்ந்து தெரிவதும், பூட்டியே இருந்ததால் பழைய முகம் புதிதாகத் தெரிவதும் சகஜம்.

ஏன் இப்படிக் கறுத்துப் போய் வெச்சிருக்கீங்க? புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு வந்துடுமே?

வரும். வீட்டுக் குத்துவிளக்குக்கு அது சரி. கோலாவுக்கு முன்னால் துளுநாட்டிலும் முகத்தைத் துலக்கித்தான் வைக்கிறார்கள். அங்கே அது வழிபாட்டில் புழங்கும் பொருள், அடுத்த ஆண்டு மறுபடி துலக்கிக்கொள்ளலாம்.

அருங்காட்சியகத்தில் நிலைமை வேறு. புளியில் உள்ள அமிலம் மேற்பரப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து போனால் அங்கங்கே செம்பு மட்டும் நின்று இளஞ்சிவப்புத் திட்டுகள் விழும். அதைத் திரும்பச் சரிசெய்ய வழியில்லை. அதைவிட முக்கியம், காது மடிப்பிலும் பல் இடுக்கிலும் படிந்திருக்கும் குங்குமம், சந்தனம், எண்ணெய், விளக்குப் புகை. இந்த முகம் வழிபாட்டில் இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. தேய்த்தால் முதலில் போவது அந்தச் சாட்சி. கையால் தொடாதீர்கள் என்று சொல்வதும் வியர்வை உப்பு செப்புக் கலவையை அரிக்கும் என்பதால்தான்.

நம்ம ஊர் சாமியாட்டம் மாதிரிதானே? தெய்யமும் இதுவும் ஒண்ணா?

உறவு இருக்கிறது, ஒன்று இல்லை. தெய்யம் தெற்கே காசர்கோடு, கண்ணூர்ப் பக்கம். அங்கே முகத்தில் நுணுக்கமாக எழுதும் கலைதான் பெரிதாக வளர்ந்திருக்கிறது, முகமூடி அணியும் தெய்யங்கள் குறைவு. காசர்கோட்டில் இரண்டு வழக்கங்களும் அருகருகே நடக்கின்றன.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் சுடலைமாடன் கொடை பார்த்தவர்களுக்குக் கோலா அந்நியமாகத் தோன்றாது. வில்லுப்பாட்டில் சாமியின் பிறப்புக் கதை, கதை ஏற ஏற அருள் இறங்குவது, வாக்குச் சொல்வது, திருநீறு கொடுப்பது என்று வரிசை ஒத்துப்போகும். இங்கே சாமியாடி பெரும்பாலும் அந்தக் கோயிலுக்குரிய குடும்பத்திலிருந்தே வருவார், அவருக்கு முகமும் கிடையாது, பூச்சும் கிடையாது. அங்கே ஆடுவது அதற்கென்றே உள்ள சமூகம். உலோகத்தில் தெய்வ முகம் என்று நம் வீடுகளில் தேடினால் வரலட்சுமி நோன்புக்குக் கலசத்தில் வைக்கும் அம்மன் முகம் இருக்கிறது. யாரும் அதை அணிவதில்லை.

இது திருடிக்கிட்டு வந்ததா?

ஒவ்வொரு முகத்துக்கும் தனித்தனியாகத்தான் பதில் சொல்ல முடியும். பழுதான முகத்துக்குப் பதில் புதிது செய்து வைத்துவிட்டுப் பழையதை விட்டுக்கொடுத்த குடும்பங்கள் உண்டு. நிலச் சீர்திருத்தத்துக்குப் பிறகு, கோலா நடத்த வசதியில்லாமல் போன பெரிய வீடுகளும் உண்டு. திருட்டும் உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியது, அட்டையில் கடைசி வரியைப் படிப்பது. எந்த ஆண்டு, யாரிடமிருந்து வந்தது என்று அதில் இருக்கும். பண்பாட்டுப் பொருட்களின் கள்ளக் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ உடன்படிக்கை 1970-இல் வந்தது. இந்தியாவில் தொல்பொருட்கள் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டு 1976-இல் நடைமுறைக்கு வந்தது. நூறு ஆண்டு தாண்டிய கலைப்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று அதற்குப் பிறகு வாங்கியதாக எழுதியிருந்தால், இந்தியாவை விட்டு எப்போது, எப்படிக் கிளம்பியது என்று கேட்க உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது. மின்னஞ்சலில் கேளுங்கள்.

ஆன்லைன்ல 'பழைய பூத முகம்'னு விக்கிறாங்களே, வாங்கலாமா?

பழையது என்று நம்பி வாங்காதீர்கள். புதிதாக வார்த்து, அமிலம் போட்டுக் கறுக்கவைத்து, பழையது என்று விற்பது எளிது. உண்மையிலேயே நூறு ஆண்டு தாண்டியதென்றால் விற்பவரிடம் உரிமம் இருக்க வேண்டும். உரிமமும் இல்லை, வந்த வழியும் தெரியவில்லை என்றால் அது ஏதோ ஒரு வீட்டுப் பண்டாராவிலிருந்து காணாமல் போனதாக இருக்கலாம். அலங்காரத்துக்கு வேண்டுமென்றால் புதிது என்று சொல்லியே விற்பவரிடம் வாங்குங்கள். வரவேற்பறையில் மாட்டுவது சரியா என்று துளுநாட்டுக்காரர் ஒருவரைக் கேட்டால், வேண்டாம் என்றுதான் பெரும்பாலோர் சொல்வார்கள். கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கே, இன்னும் சக்தி இருக்குமா? கும்பிடலாமா?

கும்பிடுவதில் தவறே இல்லை. துளுநாட்டிலிருந்து வருகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். யாரும் தடுக்க வேண்டியதில்லை. சூடம், பூ மட்டும் வேண்டாம்.

சக்தியைப் பற்றி அந்த மரபு என்ன சொல்கிறது என்று பார்த்தால், தெய்வம் உலோகத்துக்குள் அடைபட்டுக் கிடப்பதில்லை. அழைத்தால் வருகிறது, வாக்குச் சொல்கிறது, போகிறது. முகம் பழுதானால் புதிதுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதும் அதனால்தான். மேலே சொன்ன பண்டாரா, பாட்தனா, ஆடுபவர், கேள்வி கேட்கும் ஊர் எல்லாம் கூடினால்தான் இது பஞ்சுர்லி. பெட்டிக்குள் இருப்பது அதில் ஒரு பங்கு. இது என் நம்பிக்கை, நீங்கள் வேறு மாதிரி உணர்ந்தால் அதுவும் சரியே.

நேர்ல கோலா பார்க்கணும்னா எப்போ போகணும்?

தீபாவளிக்குப் பிறகு தொடங்கி மே மாதம் வரை. மே 24 வாக்கில் வரும் 'பத்தனாஜே' நாளோடு அந்தப் பருவம் முடியும். பிறகு மழை. அழைப்பில்லாமலும் போகலாம், ஆனால் ஓர் ஊர்க்காரரோடு போவது நல்லது. படம் எடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். நுடி சொல்லும் நேரத்தில் ஒருவருடைய குடும்ப விவகாரம் அங்கே பேசப்படுகிறது என்பதை மறக்காமல் கைப்பேசியை உள்ளே வையுங்கள்.

போக முடியாதவர்கள் டெல்லி கைவினை அருங்காட்சியகத்தில் உடுப்பி மாவட்டத்து மெக்கெகட்டு ஊரின் மர பூத உருவங்களைப் பார்க்கலாம். ஆளுயரத்துக்கு நிற்கும் அவற்றின் முன்னால், முகமாக மட்டும் பார்த்த தெய்வங்களுக்கு உடம்பும் கையும் காலும் கிடைத்துவிடும்.

அப்போ இதை அந்த ஊருக்கே திருப்பிக் கொடுத்துட வேண்டியதுதானே?

எந்த ஊர் என்று தெரிந்தால், எடுத்த விதம் தவறென்று தெரிந்தால், கொடுத்துவிட வேண்டும். எனக்கு அதில் இரண்டாவது எண்ணம் இல்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானிலிருந்து களவு போன நடராஜர் 2014-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியது பலருக்கும் நினைவிருக்கும். கோயிலில் இருந்தபோது எடுத்த புகைப்படம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்ததால் அடையாளம் காட்ட முடிந்தது.

பூத முகங்களுக்கு அந்த வசதி அரிது. ஆண்டுக்கு ஓர் இரவு வெளியே வந்துவிட்டு மீதி நாளெல்லாம் ஒரு வீட்டின் அறைக்குள் பூட்டிக் கிடந்த பொருளை யார் படமெடுத்திருப்பார்கள்? ஆகவே இப்போது செய்யக்கூடியது, இன்னும் பண்டாராக்களில் இருப்பவற்றை அந்தந்தக் குடும்பமே முன்பக்கம், பின்பக்கம், ஓரத் துளை, ஒட்டுப்போட்ட இடம் எல்லாம் தெரியும்படி படமெடுத்துத் தங்களிடமே வைத்துக்கொள்வது. வெளியே காட்ட வேண்டிய அவசியம்கூட இல்லை. அருங்காட்சியகங்கள் தம் பங்குக்குத் தங்களிடம் உள்ள முகங்களின் பின்பக்கப் படத்தையும் இணையத்தில் போடலாம். தேய்ந்த துளையையோ பழைய ஒட்டையோ பார்த்து 'இது எங்கள் வீட்டுடையது' என்று சொல்லக்கூடிய முதியவர்கள் துளுநாட்டில் இன்னும் இருக்கிறார்கள்.